வைரஸ் வந்துவிட்டது என்று தோன்றினால்: அறிகுறி பார்த்துத் தொடங்குங்கள்

மதுரையில் கம்ப்யூட்டரும் போனும் பழுது பார்க்கிற எங்களைப் போன்றவர்களிடம் அதிகம் வரும் கோரிக்கை, "வைரஸ் ஏறிருச்சு, ஃபார்மேட் போட்டுக் குடுங்க" என்பதுதான். பல நேரம் அங்கே வைரஸே இருக்காது. ஃபார்மேட்டில் குடும்ப போட்டோக்கள் போனதுதான் மிச்சம். சில நேரம் உண்மையிலேயே ஏதோ புகுந்திருக்கும்; காலையில் கடை திறக்கட்டும் என்று காத்திருந்த ராத்திரியிலேயே வங்கிக் கணக்கு காலியாகியிருக்கும். இந்த இரண்டும் நடக்காமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத சோதனை முதலில் இருக்கும். கீழே போகப் போகச் செலவு கூடும்.

## வாட்ஸ்அப்பில் வந்த ஃபைலைத் திறந்த பிறகு போன் தானாக ஏதோ செய்கிறது

இதை முதலில் வைக்கக் காரணம், இங்கே ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். முகூர்த்த மாதங்களில் 'கல்யாணப் பத்திரிகை' என்று வரும். மற்ற நாட்களில் 'பி.எம். கிசான்', 'ஆர்டிஓ சலான்', 'பேங்க் கேஒய்சி' என்று வரும். அனுப்பியவர் நமக்குத் தெரிந்த சித்தப்பாவாகவோ மச்சானாகவோ இருப்பார். அவர் போனுக்குள் புகுந்த ஒன்று, அவருக்கே தெரியாமல் எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருக்கும். பத்திரிகை என்றால் படமாக வரும், இல்லையென்றால் பிடிஎஃப்பாக வரும். ஃபைல் பெயர் ஏபிகே என்று முடிந்தால் அது போனில் ஏறி உட்காரும் செயலி.

எதுவரை போனீர்கள் என்று முதலில் பாருங்கள்

டவுன்லோடு மட்டும் ஆனதா? அழித்துவிடுங்கள், ஒன்றும் ஆகவில்லை. தொட்டுப் பார்த்தீர்கள், 'தெரியாத செயலி' என்று போன் எச்சரித்தது, பயந்து வெளியே வந்துவிட்டீர்களா? அப்போதும் பிரச்சினை இல்லை. செட்டிங்ஸில் 'இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்' என்று தேடி, வாட்ஸ்அப்புக்கும் குரோமுக்கும் அந்த அனுமதி அணைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்ஸ்டால் செய்து, எஸ்எம்எஸ் படிக்க அனுமதியும் கொடுத்துவிட்டீர்கள் என்றால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். பலரும் செயலியை அழிப்பதில்தான் முதலில் இறங்குகிறார்கள். அந்தப் பத்து நிமிஷத்தில் ஓடிபி மறுபக்கம் போய்க்கொண்டே இருக்கும்.

முதலில் துண்டியுங்கள். ஏரோப்ளேன் மோடு போடுங்கள். புதிய போன்களில் அதைப் போட்டாலும் வைஃபை அணையாமல் இருக்கலாம், அதையும் தனியாக அணையுங்கள். சிம்மைக் கழற்றி வீட்டில் கிடக்கும் பட்டன் போனில் போட்டுவிட்டால் இன்னும் நல்லது. அதற்கப்புறம் வரும் ஓடிபி எதையும் அந்தச் செயலியால் படிக்க முடியாது.

அடுத்து வங்கி. வேறு போனிலிருந்து, ஏடிஎம் கார்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு அழையுங்கள். கூகுளில் தேடி எடுத்த எண்ணுக்கு அழைக்கவே கூடாது. போலி எண்கள் அங்கேதான் காத்திருக்கின்றன. யுபிஐ, நெட் பேங்கிங், கார்டு மூன்றையும் முடக்கச் சொல்லுங்கள்.

பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அழையுங்கள். நாடு முழுவதற்கும் ஒரே எண். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற அரசு தளத்திலும் பதியலாம். பணம் கை மாறி வெளியே எடுக்கப்படும் முன் வழியில் இருக்கும் கணக்கை முடக்க முடிந்தால்தான் மீட்க வழி உண்டு, அதனால்தான் இந்த அவசரம். இன்னொரு காரணமும் உண்டு. நம் தவறாலேயே பணம் போயிருந்தாலும், வங்கியிடம் சொன்ன பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலை சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. எனவே புகார் எண்ணை வாங்கி, நேரத்தோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம்தான் சுத்தம் செய்வது. செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலை அடி வரை நகர்த்திப் பாருங்கள். முகப்பில் ஐகானே தெரியாத செயலிகூட இங்கே இருக்கும். பச்சை ஆண்ட்ராய்டு பொம்மை மட்டும் இருக்கும், பெயர் வர வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். இல்லாவிட்டால் நீங்கள் எப்போதும் போடாத ஒரு பெயர் இருக்கும். அதைத் தொட்டு அன்இன்ஸ்டால் கொடுங்கள்.

- அன்இன்ஸ்டால் பொத்தான் மங்கலாக இருந்தால்: செட்டிங்ஸ் தேடலில் 'டிவைஸ் அட்மின்' என்று அடித்து, அந்தச் செயலிக்கு உள்ள டிக்கை எடுத்துவிட்டுத் திரும்ப வாருங்கள்.
- செட்டிங்ஸைத் திறந்தாலே மூடிக்கொண்டால்: திரையைப் படித்து, தானே தொடவும் விடும் 'ஆக்ஸஸிபிலிட்டி' அனுமதியை அந்தச் செயலி வாங்கியிருக்கிறது என்று அர்த்தம். போனை சேஃப் மோடில் ஏற்றுங்கள். பல போன்களில் பவர் பட்டனை அழுத்தி, திரையில் வரும் 'பவர் ஆஃப்' மேல் விரலை வைத்துப் பிடித்தால் கேட்கும். அதில் நாம் போட்ட செயலி எதுவும் ஓடாது. அங்கே வைத்து அழியுங்கள்.
- அழிந்த பிறகு: சிம் இருக்கும் போனில் *#21# அடித்து, உங்கள் அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். திருப்பியிருந்தால் ##002# அடித்தால் எல்லாம் ரத்தாகும். வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' போய், தெரியாத கருவியை வெளியேற்றுங்கள்.

அனுமதி கொடுத்த போன் என்றால் இதோடு நிறுத்த வேண்டாம் என்பது என் கருத்து. போட்டோக்களையும் தொடர்பு எண்களையும் மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு ஃபாக்டரி ரீசெட் கொடுங்கள். பழைய செயலிகளின் பேக்கப்பை அப்படியே திரும்ப ஏற்றாமல், ஒவ்வொன்றாக பிளே ஸ்டோரிலிருந்து போடுங்கள்.

எப்போது நிறுத்த வேண்டும்: பணம் போயிருந்தால் புகார் பதிவாகும் வரை ரீசெட் செய்யாதீர்கள். வந்த செய்தி, அனுப்பிய எண், வங்கி எஸ்எம்எஸ்ஸில் உள்ள பரிவர்த்தனை எண் எல்லாவற்றையும் இன்னொரு போனால் படம் எடுத்து வையுங்கள். மதுரை மாநகரத்துக்கும் மாவட்டத்துக்கும் தனித்தனி சைபர் கிரைம் காவல் நிலையங்கள் உண்டு. உசிலம்பட்டி, மேலூர்க்காரர்கள் மாவட்ட நிலையத்தைக் கேளுங்கள். வெட்கப்பட்டு வீட்டில் மறைக்க வேண்டாம். ஏமாந்தவர் பேரில் ஒரு குற்றமும் இல்லை.

## "இன்று இரவு கரண்ட் கட்" என்று செய்தி வந்தது, கூப்பிட்டேன், ஏதோ செயலி போடச் சொன்னார்கள்

அந்தச் செயலி எனிடெஸ்க் போன்ற, தூரத்திலிருந்து திரையைப் பார்க்கும் செயலியாக இருக்கும். அது வைரஸ் இல்லை. நாங்களே வேலைக்குப் பயன்படுத்துகிறோம். அதனால் ஆன்டிவைரஸ் பெரும்பாலும் அதைப் பிடிக்காது.

- அந்தச் செயலி காட்டும் எண்ணைச் சொல்லவில்லை, இணைப்பு நடக்கவில்லை: அழித்தால் போதும்.
- இணைந்துவிட்டார்கள்: நெட்டைத் துண்டித்து, மேலே சொன்ன வங்கி வரிசையைத் தொடங்குங்கள். 'பத்து ரூபாய் அனுப்பிப் பாருங்க' என்று சொல்லி உங்களை அடிக்கவைத்த யுபிஐ ரகசிய எண்ணையும் மாற்றியாக வேண்டும், அதை அவர்கள் திரையில் பார்த்திருக்கலாம்.

பில் பாக்கி உண்டா என்ற சந்தேகத்தை மின்வாரியத்தின் சொந்தத் தளத்திலோ, உங்கள் பகுதி மின்வாரிய அலுவலகத்திலோ தீர்த்துக்கொள்ளுங்கள்.

## பென்டிரைவில் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிட்டது

கலெக்டர் ஆபீஸ், கோர்ட், கல்லூரி வாசல் என்று எங்கெல்லாம் ஜெராக்ஸ் கடை இருக்கிறதோ அங்கெல்லாம் இது உண்டு. பல்கலை நகர் பக்கமிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி பதறி வந்தார். "அண்ணே, தீசிஸ் மொத்தமும் போச்சுண்ணே, நாளைக்குள்ள பைண்டிங் போடணும்." அவருடைய 16 ஜிபி பென்டிரைவைச் செருகி ப்ராப்பர்ட்டீஸ் பார்த்தால் 11 ஜிபி நிரம்பியிருந்தது. திறந்தால் ஒன்றிரண்டு கேபி அளவில் அம்புக்குறி போட்ட ஷார்ட்கட் ஒன்றே ஒன்று. அந்த அளவைப் பார்த்ததுமே சொல்லிவிட்டேன்: "ஒண்ணும் போகலைம்மா, உள்ளதான் இருக்கு."

முதல் சோதனை அதுதான். நிரம்பிய அளவு குறையாமல் இருந்தால் ஃபைல்கள் மறைக்கப்பட்டிருக்கின்றன, அழியவில்லை. ஷார்ட்கட்டை மட்டும் இரட்டைக் கிளிக் செய்யாதீர்கள். அதைத் திறக்கும்போதுதான் உங்கள் கம்ப்யூட்டருக்குள் ஏறுகிறது.

எடுக்கும் வழிகள், எளியதிலிருந்து:

ஓடிஜி இணைப்பான் இருந்தால் பென்டிரைவை ஆண்ட்ராய்டு போனில் செருகுங்கள். விண்டோஸ் போட்ட மறைப்பை ஆண்ட்ராய்டு கண்டுகொள்ளாது, எல்லா ஃபைலும் தெரியும். ஷார்ட்கட்டுக்குப் பின்னால் இருக்கும் வைரஸ் ஸ்கிரிப்ட், அதாவது சிறு நிரல், விண்டோஸுக்காக எழுதியது; போனில் ஓடவும் ஓடாது. பெயரே இல்லாத ஒரு ஃபோல்டர் தெரிந்தால் அதற்குள் பாருங்கள், பெரும்பாலும் எல்லாவற்றையும் அங்கேதான் நகர்த்தி வைத்திருக்கும். வேண்டியதைப் போனுக்கு நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

ஓடிஜி இல்லையா? கம்ப்யூட்டரில் வின்ரார் இருந்தால் அதைத் திறந்து, அதன் வழியே பென்டிரைவுக்குள் போங்கள். மறைந்தவை அதில் தெரியும். அதுவும் இல்லையென்றால் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் ஆப்ஷன்ஸில், வியூ பகுதியில் 'ஹிட்டன் ஃபைல்ஸ்' காட்டச் சொல்லி, 'ஹைடு புரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்ற டிக்கையும் எடுத்துவிடுங்கள். இந்த இரண்டாவதை விட்டுவிட்டு, ஒன்றும் தெரியவில்லையே என்று வருகிறவர்கள் அதிகம்.

நகலெடுக்கும்போது வேர்டு, பிடிஎஃப், படம் மட்டும் எடுங்கள். விபிஎஸ், ஜேஎஸ், ஈஎக்ஸ்ஈ என்று முடிபவற்றைத் தொடாதீர்கள். பின்னர் பென்டிரைவை ஃபார்மேட் செய்யலாம். இந்த ஒரு இடத்தில் ஃபார்மேட் சரியான மருந்து.

சுத்தம் செய்தும் திரும்பத் திரும்ப வருகிறதா? அப்படியென்றால் குறை கம்ப்யூட்டரில் இருக்கிறது. காலி பென்டிரைவ் ஒன்றில் இரண்டு சாதாரண ஃபைல்களைப் போட்டு அந்தக் கம்ப்யூட்டரில் செருகிக் காத்திருங்கள். சிறிது நேரத்தில் அவை மறைந்து ஷார்ட்கட் முளைத்தால் சந்தேகமே வேண்டாம். விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' போய், விண்டோஸோடே வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன் கொடுங்கள். கம்ப்யூட்டர் தானே மறுபடி கிளம்பி, ஏறத்தாழ 15 நிமிஷம் தேடும். பிறகு டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்அப்' பகுதியைத் திறந்து, தெரியாத ஸ்கிரிப்ட் எதுவும் இல்லையா என்று பாருங்கள்.

ஜெராக்ஸ் கடை நடத்துகிற அண்ணன்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். விண்டோஸ் 7க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டன, விண்டோஸ் 10க்கும் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. ஒரு நாளைக்கு எத்தனை பேருடைய சான்றிதழும் விண்ணப்பமும் உங்கள் கம்ப்யூட்டர் வழியே போகின்றன! அதை மட்டுமாவது புதுப்பித்து வையுங்கள். பிரின்ட் எடுக்கப் போகிறவர்கள், மைக்ரோ எஸ்டி கார்டை எஸ்டி அடாப்டரில் போட்டு, ஓரத்தில் இருக்கும் சிறிய பூட்டைத் தள்ளிவிட்டுக் கொடுங்கள்; பொதுவாக அதில் எதுவும் எழுத முடியாது.

எப்போது நிறுத்த வேண்டும்: செருகியதும் 'ஃபார்மேட் செய்யவா' என்று கேட்டாலோ, அளவு பூஜ்யம் என்று காட்டினாலோ அது வைரஸ் வேலை இல்லை, பென்டிரைவே பழுது. 'வேண்டாம்' கொடுத்துக் கழற்றி, டேட்டா ரெகவரி செய்பவரிடம் போங்கள். மறுபடி மறுபடி செருகிப் பார்த்தால் இருப்பதும் கெடலாம்.

## திரை முழுக்கச் சிவப்பு எச்சரிக்கை, சத்தம், ஒரு போன் நம்பர்

இது வெறும் இணையப் பக்கம். மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைகளில் போன் நம்பர் போடுவதே இல்லை, நம்பர் இருந்தாலே பொய். எஸ்கேப் விசையைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள், முழுத்திரை விலகும். விலகாவிட்டால் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை முடித்துவிடுங்கள். திரும்பத் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அவ்வளவுதான். நம்பருக்குக் கூப்பிட்டுவிட்டீர்கள் என்றால் மேலே கரண்ட் பில் தலைப்புக்குப் போங்கள்.

## மூலையில் விளம்பரமும் 'வைரஸ் இருக்கு' என்ற அறிவிப்பும் வந்துகொண்டே இருக்கின்றன

பிரவுசர் அனுமதி. இதுதான் அடிக்கடி பார்ப்பது. படமோ கிரிக்கெட்டோ இலவசமாகப் பார்க்கப் போன தளத்தில் 'நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலவ் கொடுங்கள்' என்று கேட்டிருக்கும், கொடுத்திருப்பீர்கள். குரோமில் செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் போய், தெரியாத தளங்களை எல்லாம் நீக்குங்கள். ஸ்கேனே வேண்டாம், அப்போதே நின்றுவிடும்.

எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் சிறு நிரல். விளம்பரம் நிற்கவில்லை, தேடல் பக்கமும் மாறியிருக்கிறது என்றால் எக்ஸ்டென்ஷன்களை எல்லாம் அணைத்து ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது திரும்புகிறதோ அதுதான் குற்றவாளி.

போனில், எந்தச் செயலியும் திறக்காதபோதே முழுத்திரை விளம்பரம். விளம்பரம் நிற்கும்போதே ரீசன்ட்ஸ் பொத்தானைத் தட்டுங்கள். எந்தச் செயலியின் பெயரில் நிற்கிறது என்று அங்கே பல நேரம் தெரியும். கிளீனர், பேட்டரி சேவர், வால்பேப்பர் வகையறாதான் அதிகம் மாட்டும். பெயர் தெரியாவிட்டால் 'டிஸ்பிளே ஓவர் அதர் ஆப்ஸ்' அனுமதி யாருக்கெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். பிளே ஸ்டோரில் பிளே புரொடெக்ட் ஸ்கேனும் ஒரு தடவை ஓட்டிவிடுங்கள்.

## கம்ப்யூட்டர் இழுக்கிறது, ஃபேன் கத்துகிறது

அக்னி நட்சத்திர மாதத்தில் இந்தப் புகாரோடு வரும் கம்ப்யூட்டர்களில் பலவற்றைத் தூசி ஊதினாலே பாதி சரியாகிவிடும். அடுத்து, இரண்டு ஆன்டிவைரஸ் சேர்ந்து ஓடுகின்றனவா என்று பாருங்கள், ஒன்றை எடுங்கள். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் எப்போதும் 100 சதவீதம் நின்றால் பெரும்பாலும் பழைய ஹார்டு டிஸ்க்தான் காரணம், எஸ்எஸ்டி மாற்ற வேண்டும்.

சந்தேகப்பட வேண்டிய ஒரு நிலை உண்டு. நீங்கள் ஒன்றுமே செய்யாமல் இருக்கும்போது ஃபேன் கத்துகிறது, டாஸ்க் மேனேஜரைத் திறந்த உடனே அடங்கிவிடுகிறது. உங்கள் மின்சாரத்தில் வேறு யாருக்கோ கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல்கள் சில இப்படி ஒளிந்துகொள்ளும். கிராக் செய்த மென்பொருளோடுதான் பெரும்பாலும் வரும். ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் தரவை எடுத்துவைத்து விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டியதுதான்.

## எந்தத் தளமும் திறக்கவில்லை, 'பாதுகாப்பற்றது' என்கிறது

கடிகாரத்தைப் பாருங்கள். தேதி சில வருஷம் பின்னால் போயிருந்தால் மதர்போர்டு பேட்டரி தீர்ந்துவிட்டது. கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும் சிஆர் 2032 மாற்றினால் சரி. தேதி சரியாக இருந்து, ஆன்டிவைரஸ் தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் இணையத்தை வேறொரு கம்ப்யூட்டர் வழியே திருப்பிவிடும் 'பிராக்ஸி' செட்டிங்ஸில் தானாக ஏறியிருக்கிறதா என்று பார்த்து அணையுங்கள். அது மறுபடி தானே ஏறிக்கொண்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. டிஃபெண்டரைத் திறக்கவும் விடவில்லை என்றால் தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

## ஃபைல் பெயர்களின் கடைசியில் புது எழுத்துகள், எதுவும் திறக்கவில்லை, பணம் கேட்டு ஒரு கடிதம்

இது ரான்சம்வேர், ஃபைல்களைப் பூட்டிவைத்துச் சாவிக்குப் பணம் கேட்கும் நிரல். கீழமாசி வீதி மொத்தக் கடையில் வருஷக் கணக்கு இருக்கும் டேலி கம்ப்யூட்டரானாலும் சரி, வீட்டுக் கம்ப்யூட்டரானாலும் சரி, செய்ய வேண்டியது ஒன்றுதான்.

நெட் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். செருகியிருக்கும் வெளி ஹார்டு டிஸ்க், பென்டிரைவ் எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். கடையில் வேறு கம்ப்யூட்டர்கள் இருந்தால் அவற்றையும் நெட்வொர்க்கிலிருந்து பிரியுங்கள். ஃபார்மேட் கூடாது. பெயரை மாற்றிப் பார்க்கக் கூடாது. அந்தக் கடிதத்தை அழிக்கவும் கூடாது, எந்த வகை என்று கண்டுபிடிக்க அது வேண்டும்.

கழற்றி வைத்த பேக்கப் இருந்தால் நீங்கள் பிழைத்தீர்கள். விண்டோஸைப் புதிதாகப் போட்டு, அதன் பிறகே பேக்கப்பைச் செருகுங்கள். இல்லாவிட்டால் வேறு கம்ப்யூட்டரில் 'நோ மோர் ரான்சம்' தளத்தைத் திறந்து, பூட்டிய ஒரு ஃபைலையும் கடிதத்தையும் ஏற்றுங்கள். ஐரோப்பியப் போலீஸ் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து போலீஸும் பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து 2016ல் தொடங்கியது அது. சாவி கிடைத்த வகைகளுக்கு இலவசமாகவே திறக்கும் கருவி தருகிறார்கள்.

வீடுகளில் அதிகம் பார்ப்பது 'ஸ்டாப் டிஜேவியு' என்ற வகை, கிராக் மென்பொருளோடு வரும். இதன் பழைய வகைகள் பலவற்றுக்கு 2019லேயே எம்சிசாஃப்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் திறக்கும் கருவி வெளியிட்டது. புதியவற்றில் எல்லாம் திறக்காது. ஆனால் ஒரு விஷயம் நம் பக்கம் இருக்கிறது: இது ஃபைலின் முதல் 150 கேபி அளவை மட்டும்தான் பூட்டுகிறது. அதனால் பெரிய கல்யாண வீடியோ, பெரிய ஜிப் போன்றவற்றைச் சரிசெய்து பெரும்பகுதியை எடுக்க வாய்ப்புண்டு. சிறிய போட்டோக்களுக்கும் வேர்டு ஃபைல்களுக்கும் அந்த வாய்ப்பு குறைவு. இன்று திறக்காவிட்டாலும் டிஸ்க்கைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், பிற்பாடு சாவி வெளிவந்த வகைகளும் உண்டு.

தொழில் தெரிந்தவரை எப்போது அழைக்க வேண்டும்: உடனே. 'எல்லாத்தையும் எடுத்துத் தர்றோம்' என்று பெரிய தொகை கேட்பவரிடம், முதலில் இரண்டு ஃபைலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். எந்த முறையில் திறந்தார் என்றும் கேளுங்கள். திருடனிடமே ரகசியமாகப் பணம் கட்டி சாவி வாங்கி, அதன் மேல் லாபம் வைப்பவர்களும் இருக்கிறார்கள்.

## கடையில் கொடுக்கும்போது

தரவை நகலெடுத்த பிறகே ஃபார்மேட் என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். போனின் பின் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். முடிந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், நல்ல மெக்கானிக் யாரும் அதற்குக் கோபப்பட மாட்டார். விண்டோஸுக்கு ஆக்டிவேட்டர் போட்டுத் தருகிறேன், ஆன்டிவைரஸுக்கு கிராக் போட்டுத் தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். அவற்றை ஏற்றுவதற்கு டிஃபெண்டரை அணைக்க வேண்டியிருக்கும். எது பாதுகாக்க வேண்டுமோ அதை அணைத்து, எங்கிருந்து வந்தது என்றே தெரியாத ஒன்றை ஏற்றி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் வீட்டு உபயோகத்துக்குப் போதும்.

சாதனம் சுத்தமாகி வந்ததும் முதலில் மாற்ற வேண்டியது மின்னஞ்சல் பாஸ்வேர்டு. மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் லிங்க் பெரும்பாலும் அந்த மின்னஞ்சலுக்குத்தான் வரும். அதற்கு இரட்டைச் சரிபார்ப்பும் போட்டுவிட்டு, வங்கி, வாட்ஸ்அப் என்று மற்றவற்றுக்குப் போங்கள்.